பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்குக்கு எந்த டர்போ பொருந்தும்? (மதுரை)

விளக்குத்தூண்_விடெக் · மதுரை

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக், டிஎன் 59. அப்பா புதுசா எடுத்த வண்டி, இப்ப என் கைக்கு வந்திருக்கு. ஆர்சி புதுப்பிச்சாச்சு. கம்ப்ரஷன் டெஸ்ட்ல நாலு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்குள்ளதான் வித்தியாசம். ஆயில் குடிக்கல, புகை இல்ல, ஹெட்டை இதுவரைக்கும் கழட்டினதே இல்ல.

இந்த என்ஜின் மேல நல்லா பாடும், கீழதான் இழுவை இல்ல. ஏசி போட்டு நாலு பேரோட வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது மூணாவது கியருக்கு மாத்தினா திணறுது. 2500-ல இருந்து 5000 வரைக்கும் இழுவை கூடினா போதும். டாப் ஸ்பீடு எனக்கு வேண்டாம்.

மூணு டர்போ (என்ஜின் புகையால சுத்தி, உள்ள காத்தை அழுத்தி ஊதுற கருவி) கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு, ஸ்விஃப்ட் டீசல்ல கழட்டினது, ரொம்ப மலிவு. ரெண்டாவது, ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போவோட கே03, சென்னை புதுப்பேட்டையில இருந்து ஒருத்தர் எடுத்துத் தர்றேங்கிறார். மூணாவது, ஆன்லைன்ல டி3/டி4-ங்கிற டர்போ கிட், மேனிஃபோல்ட் (ஹெட்டுல இருந்து புகையை டர்போவுக்குக் கொண்டு போற குழாய்), இன்டர்கூலர் (ஊதுற காத்தை ஆத்துறது), பைப் எல்லாம் சேர்த்து. எதை எடுக்கலாம்? மதுரையில மேனிஃபோல்ட் அடிச்சுத் தர ஆள் இருக்காங்களா?

தேனிக்காரன் · தேனி

ப்ரோ, டி3/டி4 எடுங்க. இன்னைக்கு 0.4 பார் பூஸ்ட்ல (டர்போ கூடுதலா ஊதுற காத்தழுத்தம்) ஓட்டலாம், நாளைக்கு என்ஜின் பில்டு பண்ணா அதே டர்போவை 1 பாருக்குக் கொண்டு போகலாம். சின்ன டர்போ போட்டா ஆறு மாசத்துல அலுத்துப்போய் மறுபடி செலவு பண்ணுவீங்க. எல்லாம் ஒரே பெட்டியில வர்றது பெரிய வசதி. நம்ம ஊர்ல ஒவ்வொரு கிளாம்புக்கும் அலைய முடியாது.

மேப்புக்காரன் · கோயம்புத்தூர்

தேனி நண்பர் சொல்ற வசதி உண்மைதான். ஆனா தம்பி கேட்டது 2500-ல இழுவை. முதல்ல கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்.

1493 சிசி, 6500 ஆர்பிஎம். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவு காத்தை இழுக்கும். நிமிஷத்துக்கு சுமார் 4850 லிட்டர். 90 சதவீதம் நிரம்புதுன்னு வச்சா 4370. நம்ம 35 டிகிரி வெயில்ல ஒரு கன மீட்டர் காத்து 1.15 கிலோ. ஆக நிமிஷத்துக்கு 5 கிலோ, பவுண்டுல சொன்னா 11. பவுண்டுக்குப் பத்து பிஹெச்பிங்கிறது பழைய கைக்கணக்கு. 110 வருது. கம்பெனி சொன்னது 106. கணக்கு ஒட்டி வருது, இதை வச்சே மேல போகலாம்.

0.4 பார் பூஸ்ட், இன்டர்கூலர் தாண்டி 55 டிகிரி காத்துன்னா அடர்த்தி 1.3 மடங்கு. நிமிஷத்துக்கு 14.5 பவுண்டு, 140 சொச்சம் பிஹெச்பி. 0.7 பார்ல 17 பவுண்டு. ஆக நமக்கு வேண்டிய டர்போ 14-ல இருந்து 17 பவுண்டுக்குள்ள நல்ல எஃபிஷியன்சியில ஊதணும். இந்த வேலைக்கு டி3/டி4 ரொம்பப் பெருசு. அந்த டர்பைனை (புகை பட்டுச் சுத்துற சக்கரம்) சுழட்ட 1.5 லிட்டர் என்ஜினோட புகை 4000 தாண்டித்தான் பத்தும். மலை ஏத்தத்துல நீங்க ஓட்டுற ஆர்பிஎம்ல அது சும்மா புகைக்கு அடைப்பாத்தான் உட்கார்ந்திருக்கும்.

கே03-ஐப் பாருங்க. ஆக்டேவியாவுல அது ஊதினது 1.8 லிட்டருக்கு, 150 பிஹெச்பி. நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். பெட்ரோலுக்குன்னே செஞ்சது, உள்ளேயே வேஸ்ட்கேட் (கூடுதல் புகையைத் திருப்பி விடுற கதவு), ஆயிலோட கூலன்ட்டும் ஓடுது. என் ஓட்டு அதுக்கு.

புதூர்_டர்போ · கே.புதூர், மதுரை

நான் டீசல் டர்போ சர்வீஸ் பண்றவன். லாரி, பஸ், போர்வெல் வண்டின்னு தினமும் கையில புழங்குறது. அந்த ஸ்விஃப்ட் டர்போவைப் பத்திச் சொல்லிடுறேன், ஏன்னா மலிவுன்னு நிறையப் பேர் அதைத்தான் தேடி வர்றாங்க.

75 பிஎஸ் டீசல்ல வர்றது கே பி 35. 1.3 டீசல் 4000, 4500 ஆர்பிஎம்லயே முடிஞ்சுடும், அதுக்கு அளவெடுத்த டர்போ. உங்க விடெக் 6500 போகும். மேல போகப்போக அந்தச் சின்ன டர்பைன்ல புகை வெளியேற முடியாம பின்னால தேங்கும். வால்வு சூடாகும், நாக்கிங் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தானா வெடிக்கிறது) வரும், பவரும் விழும். 90 பிஎஸ் டீசல்ல வர்றது விஜிடி, உள்ள வேன் (சின்னச் சின்னத் தகடு) அசையுற வகை. டீசல் புகை 800 டிகிரி பக்கம் நிக்கும், பெட்ரோல் புகை 950-ஐத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டுல வேனும் ரிங்கும் இறுகிடும். பெட்ரோலுக்குன்னே விசேஷ உலோகத்துல விஜிடி செய்யுற கம்பெனி உண்டு, கடையில கிடைக்கிற டீசல் விஜிடி அது இல்ல. ஆக முதல் சாய்ஸை மறந்துடுங்க.

பழைய கே03 வாங்கப் போறப்ப ஷாஃப்ட்டை விரலால பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. அந்த ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டுல லேசா ஆடலாம், ஆயில் இல்லாதப்ப அது இயல்பு. ஆனா அழுத்திப் பிடிச்சுச் சுத்தினாலும் பிளேடு ஹவுசிங்கைத் தொடக் கூடாது. கம்ப்ரஸர் பக்கம் பிளேடு நுனி மழுங்கி இருந்தா ஏதோ உள்ள போயிருக்குன்னு அர்த்தம். டர்பைன் ஹவுசிங்ல வேஸ்ட்கேட் ஓட்டை ஓரத்துல விரிசல் விழும், டார்ச் அடிச்சுப் பாருங்க. முடி அளவு விரிசல்னா பரவாயில்ல, ஓட்டையில இருந்து சீட்டைத் தாண்டி ஓடியிருந்தா விட்டுடுங்க.

ஆயில் ரிட்டர்னை யாரும் மதிக்கிறதில்ல. டர்போவுல இருந்து ஆயில் பிரஷர்ல வெளிய வராது, பொங்கின பால் மாதிரி நுரையா, தானா கீழ விழும். அதனால ரிட்டர்ன் பைப் உள்விட்டம் குறைஞ்சது 12 எம்எம், முடிஞ்சா 16. வழியில எங்கயும் மேடு கூடாது, சம்ப்ல (என்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலதான் சேரணும். போன வருஷம் வந்த ஒரு வண்டியில வேற எங்கயோ வேலை பார்த்து, ரிட்டர்னை ஆயில் மட்டத்துக்குக் கீழ பத்த வச்சிருந்தாங்க. சீல் போச்சுன்னு டர்போவை மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. டர்போ மேல தப்பே இல்ல. ஆயில் திரும்ப வழியில்லாம ஷாஃப்ட் வழியா புகையில கலந்திருக்கு.

சிறுமலை_18 · திண்டுக்கல்

எல்லாரும் என்ஜினையே பேசுறீங்க. இது முன்சக்கர வண்டி. அதை யாரும் இன்னும் தொடல.

பூஸ்ட் வந்து வண்டி முன்னால பாயும்போது பாரம் பின்னால போகும். இழுக்கிற சக்கரம் முன்னால இருக்கு, அதாவது எப்ப பிடிப்பு அதிகமா வேணுமோ அப்பத்தான் அது குறையுது. பின்சக்கர வண்டிக்கு இது நேர் எதிர். சிறுமலையில 18 கொண்டை ஊசி இருக்கு. ஏத்தத்துல வளைவோட உள்பக்கச் சக்கரம் பாரம் இல்லாமத் தொங்கும், ஓப்பன் டிஃப்ரென்ஷியல்ல (ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைச் சமமாப் பிரிக்கிற சாதா வகை) அந்தச் சக்கரம் சும்மா சுத்தும், மத்த சக்கரத்துக்கும் அதே அளவு கொஞ்ச இழுவைதான் போகும். டயர் கத்தும், வண்டி நகராது. ஸ்டீயரிங் கையில ஒரு பக்கமா இழுக்கும், ரெண்டு டிரைவ்ஷாஃப்ட்டும் ஒரே நீளம் இல்லாத வண்டின்னா இன்னும் மோசம். இதுல டி3/டி4 மாதிரி ஒண்ணுமில்லாம இருந்து திடீர்னு கொட்டுற டர்போவைப் போட்டா, வளைவு நடுவுல பூஸ்ட் வர்ற அந்த நொடியில வண்டி நேரா வெளிய போகும். அங்க வெளியன்னா பள்ளம்.

அதனால நான் தலைகீழா யோசிக்கச் சொல்வேன். கியர்பாக்ஸும் முன் டயரும் எவ்வளவு டார்க் (சுழட்டுற விசை) தாங்கும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அதுக்குள்ள அடங்குற பூஸ்ட், அதுக்குப் பொருந்துற டர்போ. ஒரிஜினல் டார்க் 130 என்எம் அளவுல இருக்கிற பாக்ஸுக்கு 170, 175 நியாயம். ரெண்டாவது கியர்ல 220-ஐ உதறிவிட்டா முதல்ல கிளட்ச் வழுக்கும், கிளட்சை இறுக்கினா டிரைவ்ஷாஃப்ட் ஜாயின்ட் போகும், அதையும் மாத்தினா பல்லு. இந்த வரிசை மாறாது.

தேனிக்காரன் · தேனி

லிமிட்டட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாச் சுத்தாமக் கட்டுப்படுத்துறது) போட்டா சக்கரம் சுத்துற பிரச்சனை தீர்ந்தது இல்லையா? ஹோண்டா டி சீரிஸ் பாக்ஸுக்கு வெளிநாட்டுல ஹெலிக்கல் டைப் கிடைக்குது. பூஸ்ட்டையும் கியருக்குக் கியர் மாத்தி வைக்கலாம், முதல் ரெண்டு கியர்ல குறைச்சு.

சிறுமலை_18 · திண்டுக்கல்

தீரும், பாதி. ஹெலிக்கல் டைப்புல ஒரு சக்கரம் முழுசா அந்தரத்துல நின்னா அதுவும் கை விரிச்சுடும், ஆனா ரெண்டுலயும் கொஞ்சமாவது பாரம் இருந்தா அருமையா வேலை செய்யும். நம்ம ஊருக்கு வந்த சிட்டி பாக்ஸுக்கு ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுனியில இருக்கிற பல்) பொருந்துதான்னு பாக்ஸைப் பிரிச்சு அளந்து பார்த்துட்டுத்தான் காசு கட்டணும். டிஃப்ரென்ஷியலுக்கு முன்னாடி நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்கச் சொல்வேன். மேல ஏறுற வண்டி கீழயும் இறங்கணும்.

விளக்குத்தூண்_விடெக் · மதுரை

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். கே03-ன்னு மனசு தெளிஞ்சிருச்சு. புதூர் அண்ணே, வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கொண்டு வந்து காட்டலாமா?

அடுத்தது இடம். எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் இருக்கு. மேனிஃபோல்ட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவுல கை நுழையுற இடம்தான். ஏசியைக் கழட்டிடுங்கன்னு ஒரு மெக்கானிக் சொல்றார். சித்திரைத் திருவிழா நேரத்து வெயில்ல ஏசி இல்லாம அம்மாவை எப்படி ஏத்துறது?

புதூர்_டர்போ · கே.புதூர், மதுரை

தாராளமா வாங்க தம்பி. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வாங்க.

கப்பலூர்_லேத் · கப்பலூர்

தம்பி, ஏசியைக் கழட்ட வேண்டாம். டர்போவை ஹெட்டோட ஒட்டி, கொஞ்சம் மேல தூக்கி வச்சா இடம் வரும். நீள நீளமா பைப் வளைச்சு அழகு காட்டுற மேனிஃபோல்ட்டைக் கேட்காதீங்க. லாக் டைப், அதாவது ஒரு நடுக்குழாய், நாலு போர்ட்டும் அதுல வந்து சேரும். குட்டையா இருந்தா சூடு வெளிய போகாது, டர்போ சீக்கிரம் எழுந்திரிக்கும்.

ஸ்டெயின்லெஸ்ல அடிங்கன்னு எல்லாரும் வந்து நிக்கிறாங்க. 304-ங்கிற அந்த ஸ்டெயின்லெஸ் சூடானா மைல்டு ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். 300 எம்எம் நீளக் குழாய் 700 டிகிரி சூடு ஏறினா மைல்டு ஸ்டீல் இரண்டரை எம்எம் நீளும், 304 மூன்றரைக்கு மேல. ரெண்டு முனையும் போல்ட் போட்டு இறுக்கின குழாய் அந்த நீளத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கும்? வெல்டு ஓரத்துல விரிசலாத்தான் வைக்கும். டர்போவோட எடையும் அதுலதான் தொங்குது. நான் ஷெட்யூல் 40 ஸ்டீம் பைப், அதே ஷெட்யூல் எல்போ, 12 எம்எம் ஃப்ளாஞ்ச், இவ்வளவுதான் போடுவேன். எடை கூடும், துரு பிடிக்கும். பிளக்காது.

வெல்டு வைக்கிறது ஒரு தனி வேலை. ஃப்ளாஞ்சைக் கனமான பிளேட்ல போல்ட் போட்டு இறுக்கிட்டு, ஒன்னாவது போர்ட்ல ஒரு அங்குலம், நாலாவதுல ஒரு அங்குலம், ரெண்டாவது, மூணாவதுன்னு மாத்தி மாத்தி வைக்கணும். ஒரே மூச்சா சுத்திட்டா ஃப்ளாஞ்ச் வாழைமட்டையா வளையும். முடிச்சு, ஆறவிட்டு, அதே பிளேட்லயே ராத்திரி முழுக்கக் கிடக்கணும். மறுநாள் கழட்டி முகத்தைச் சீவினா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். கே03-க்கு ஃப்ளாஞ்ச் வேற வடிவம், டர்போ கைக்கு வந்த பிறகுதான் வெட்டுவேன். எடைக்கு பிளாக்ல இருந்து ஒரு முட்டு கட்டாயம்.

ரேடியேட்டர் பக்கம் தகடு அடிச்சு மறைச்சுடலாம். ஃபேன் தடிமன் குறைஞ்சதா மாத்தினா இன்னும் ரெண்டு விரல் இடம் கிடைக்கும்.

வைகை_வக்கீல் · மதுரை

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பார்த்துடுங்க தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அபராதத்தைவிட எனக்குக் கவலை இன்ஷூரன்ஸ். மாற்றம் செய்ததைச் சொல்லாமல் இருந்து, விபத்தில் மூன்றாம் நபருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் திரும்பக் கேட்கும் நிலை வரலாம். வீட்டையும் நகையையும் தொடும் விஷயம் இது. அம்மாவையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகிற வண்டி என்கிறீர்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். எழுத்தில் அனுமதி வராமல் பொதுச்சாலையில் ஓட்டாதீர்கள். டிராக்கில் மட்டும் ஓட்டுவது வேறு.

விளக்குத்தூண்_விடெக் · மதுரை

அக்கா சொன்னதை வீட்டுலயும் படிச்சுக் காட்டினேன். அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க, மலைக்குப் போறதுக்கு அண்ணன் வண்டி இருக்குன்னு. ஆர்டிஓ-ல எழுதிக் கொடுக்கிறேன். அதுக்கு என்ன பதில் வந்தாலும், சிட்டியை இனிமே டிராக் வண்டியாத்தான் செய்யப் போறேன். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போறதுன்னு முடிவு. மேப்பு அண்ணே, இப்ப டர்போ சாய்ஸ் மாறுமா?

மேப்புக்காரன் · கோயம்புத்தூர்

டர்போ மாறாது. கரி 2.1 கிலோமீட்டர் டிராக், வளைவு நெருக்கம், அங்கயும் வளைவை விட்டு வெளிய வர்றப்பதான் நேரம் கிடைக்கும். திண்டுக்கல் நண்பர் சொன்ன முன்சக்கரக் கணக்கு அங்க இன்னும் பொருந்தும். மாறுறது சூடு. மலையில அரை நிமிஷம் பூஸ்ட், அப்புறம் வளைவு, ஓய்வு. டிராக்ல ஓய்வே இல்ல.

40 டிகிரி காத்தை 0.4 பாருக்கு அழுத்தினா, 70 சதவீத எஃபிஷியன்சியில, 45 டிகிரி ஏறி 85-ல வெளிய வரும். 0.7 பார்னா 113. பானெட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தை இழுத்தா இன்னும் மேல. அதனால ஏர் ஃபில்டர் பம்பருக்குள்ள, இன்டர்கூலர் முன்னால நல்ல தடிமனா, ஆயில் கூலர் கட்டாயம். பூஸ்ட்டை வேஸ்ட்கேட்டைத் திறக்கிற ஆக்சுவேட்டரோட ஸ்பிரிங்லயே நிறுத்துங்க, கன்ட்ரோலர் இப்ப வாங்க வேண்டாம். கையில இருந்தா கூட்டத் தோணும்.

பெட்ரோல் விஷயம் நமக்குச் சாதகமா இருக்கு. உங்க வண்டி வந்த காலத்துல பெட்ரோலோட ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்குற அளவு) 88. இப்ப வர்ற இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) 95. எத்தனாலே 108 சொச்சம், ஆவியாகும்போது காத்தையும் குளிர்விக்கும். ஆனா இ20-க்குக் காத்து-பெட்ரோல் அளவு விகிதம் 14.7 இல்ல, 13.5 பக்கம். எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலா ஊத்தணும். 140 பிஹெச்பிக்கு, இஞ்செக்டரை 85 சதவீதத்துக்கு மேல திறக்காமக் கணக்குப் போட்டா ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 280 சிசி வேணும். 330 சிசி வாங்குங்க. 2001 வண்டியோட ஃபியூவல் ஹோஸ் எத்தனாலுக்குச் செஞ்சதில்ல, டேங்க்ல இருந்து ரெயில் வரைக்கும் எல்லா ரப்பரையும் மாத்திடுங்க. பூஸ்ட் நேரத்துல ஒரு பொட்டுக் கசிஞ்சாலும் கீழ சிவந்து கிடக்கிற டர்பைன் மேலதான் விழும்.

ஸ்டாக் ஈசியுவை (என்ஜினோட கம்ப்யூட்டர்) ஏமாத்தி, ஃபியூவல் பிரஷரை மட்டும் ஏத்துற பழைய வழி வேண்டாம். அது பெட்ரோலைக் கூட்டும், ஸ்பார்க்கைப் பின்னால தள்ளாது. நாக்கிங்குக்கு மருந்து ஸ்பார்க் டைமிங்லதான் இருக்கு. ஸ்பீடுயினோ அல்லது மெகாஸ்குவர்ட்னு நாமளே டியூன் பண்ணக்கூடிய ஈசியு போடலாம், ஹோண்டா ஏற்கனவே மேப் சென்சார்லதான் (உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கிறது) ஓடுது, வயரிங் சுலபம். பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இல்லாம டியூன் பண்ண மாட்டேன். பூஸ்ட்ல லாம்டா 0.80, அதாவது அளவு விகிதத்தைவிடப் பெட்ரோல் கூடுதலா. பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே-ல எண் கூடினா குளிர்ச்சி, இடைவெளி 0.8 எம்எம்.

ஒவ்வொரு பூஸ்ட் ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழட்டி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வச்சுப் பாருங்க. மிளகுப் பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளியோ, வெயில்ல மினுக்குற வெள்ளித் துகளோ இருந்தா அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சது. அந்த வெள்ளித் துகள் பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம். காதுக்கு நாக்கிங் கேட்கிறதுக்கு முன்னாடியே பிளக் சொல்லிடும்.

தேனிக்காரன் · தேனி

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நானும் கே03 பக்கம் வந்துட்டேன். தம்பி, ஆயில் ஃபீடை எங்க இருந்து எடுக்கப் போறீங்க?

மேப்புக்காரன் · கோயம்புத்தூர்

பிளாக் பின்பக்கம் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கிற இடத்துல ஒரு டி (மூணு வழி ஜாயின்ட்) போட்டு எடுக்கலாம். ஹோண்டாவுல அந்த மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவு). என்பிடி (அமெரிக்க அளவு) ஃபிட்டிங்கைத் திணிச்சா முதல்ல பிடிக்கிற மாதிரி தெரியும், அப்புறம் அலுமினிய மரையைச் சேர்த்து எடுத்துட்டு வரும்.

கப்பலூர்_லேத் · கப்பலூர்

அந்த அடாப்டரை நானே திருப்பித் தர்றேன், பித்தளை வேண்டாம், ஸ்டீல்லயே. தம்பி, டர்போவைப் புதூர்க்காரர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு, ஸ்டாக் மேனிஃபோல்ட்டையும் சம்பையும் கழட்டி எடுத்துட்டு வாங்க. சம்ப்ல ரிட்டர்னுக்கு எங்க ஓட்டை போடணும்னு டிப்ஸ்டிக் மேல் கோட்டை அளந்து குறிச்சுட்டு வரணும். பழைய எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஃப்ளாஞ்ச் வரைய அதுதான் வேணும். ஞாயித்துக்கிழமை பட்டறை இல்ல.